எளிய வினைகளின் கடினம்

மொழிபெயர்ப்பின் சிரமங்களைப் பற்றி நம்மவர் பேசத் தொடங்கினால் பேச்சு பெரும்பாலும் கலைச்சொற்களில் போய் நின்றுவிடுகிறது. பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் வைத்தியத்துக்கும் உரிய பதங்களை வடமொழித் தாதுக்களைக் கொண்டு ஆக்குவதா, தமிழ் வேர்களைக் கொண்டு ஆக்குவதா, அல்லது அந்நியச் சொல்லையே நம் எழுத்தில் எழுதிக்கொள்வதா என்னும் விவாதம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கிய அமெரிக்க மிஷன் டாக்டர் கிறீன் காலத்திலும் இருந்தது, 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் அவருடைய நண்பர்களும் சாஸ்திர பரிபாஷைக்கென்றே ஒரு சங்கம் கூட்டிப் பத்திரிகை நடத்திய காலத்திலும் இருந்தது, இன்றும் ஓய்ந்தபாடில்லை. அவ்வுழைப்பை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால், ‘ஆக்ஸிஜன்’ பிராணவாயுவா உயிர்வளியா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர்களில் எவருக்கும், ‘கிவ்’, ‘ஹாவ்’, ‘டேக்’, ‘புட்’, ‘பிரேக்’ என்று ஆங்கிலக் குழந்தை பள்ளிக்குப் போகுமுன்பே பேசக் கற்றுவிடும் சொற்களுக்கும் ஒரு சபை கூட வேண்டும் என்று தோன்றியதில்லை. அகராதியில் எதிரே ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிற தைரியந்தான் காரணம். இன்றைய தமிழ் உரைநடை எங்கே நோய்ப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், பிராணவாயுவிலும் இல்லை, உயிர்வளியிலும் இல்லை. இந்தச் சின்ன வினைகளில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தின் சிறு வினைகள் தோற்றத்தில்தான் சிறியவை. 1930-இல் ஸி. கே. ஆக்டன் என்னும் அறிஞர், உலகத்தார் அனைவரும் சுலபமாகக் கற்கத்தக்க ‘பேஸிக் இங்கிலீஷ்’ என்றொரு சுருக்க மொழியை வகுத்தபோது, மொத்தம் 850 சொற்களே போதும் என்றார். அவற்றுள் வினைச்சொற்கள் 18-க்கு மேல் வேண்டியதில்லை என்றும் கண்டார். மற்ற வினைகளையெல்லாம் இந்தப் பதினெட்டோடு ‘இன்’, ‘அவுட்’, ‘அப்’, ‘டவுன்’ போன்ற திசைச் சொற்களைக் கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அவருடைய சித்தாந்தம். ‘புட்’ என்றால் வை. அதனோடு ‘அப்’, ‘வித்’ என்ற இரண்டையும் சேர்த்தால் பொறுத்துக்கொள் என்று ஆகிவிடுகிறது. இதனால் சொற்களின் எண்ணிக்கை குறைந்ததே தவிர, கற்பவனுடைய பாரம் குறைந்ததாக நமக்குத் தோன்றவில்லை. முன்பு நூறு சொற்கள் தனித்தனியே சுமந்த பொருளை இப்போது ஒரு சொல் தனியாகச் சுமக்கிறது, அவ்வளவே. 1989-இல் இரண்டாம் பதிப்பாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதி, ‘செட்’ என்னும் மூன்றெழுத்து வினை ஒன்றுக்கே 400-க்கு மேற்பட்ட பொருள்களைப் பகுத்துக் காட்டியது. அப்படிப்பட்ட சொல்லுக்கு எதிரே ‘வை, அமை’ என்று இரண்டு தமிழ்ச் சொற்களை எழுதிவிட்டு, மொழிபெயர்த்தாயிற்று என்று எழுந்துபோவது எவ்வாறு?

‘கிவ்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். யார் யாருக்கு எதைக் கொடுத்தாலும் ஆங்கிலேயனுக்கு அந்த ஒரு வினை போதும். தமிழில் ஈ, தா, கொடு என மூன்று உண்டென்றும், கேட்பவன் தாழ்ந்தவனானால் ‘ஈ’ என்றும், ஒத்தவனானால் ‘தா’ என்றும், உயர்ந்தவனானால் ‘கொடு’ என்றும் கேட்பான் என்றும் தொல்காப்பியர் எச்சவியலில் விதிக்கிறார். அதற்கும் முன்பே, கிளவியாக்கத்தில், பொருள் எந்தத் திசையில் செல்கிறது என்பதைப் பற்றி வேறொரு விதி இருக்கிறது: எனக்கும் உனக்கும் வருவதற்குத் ‘தா’; மூன்றாம் மனிதனுக்குப் போவதற்குக் ‘கொடு’. அந்தஸ்தைப் பற்றிய முதல் விதி தமிழில் எப்போதோ வழக்கொழிந்தது. திசையைப் பற்றிய இரண்டாவது நம்மிடத்தில் தளர்ந்து, ‘எனக்குக் கொடு’ என்று கூசாமல் கேட்கிறோம். ஆனால் மலையாளத்தார் இன்றைக்கும் தமக்கும் எதிரே நிற்பவருக்கும் ‘தரு’ என்பதையும், அங்கில்லாத ஒருவருக்குக் ‘கொடு’ என்பதையுமே நியமமாகச் சொல்லிவருகின்றனர். இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. நமக்கு யாதொரு பந்தமும் இல்லாத ஜப்பானிய மொழியில், பிறர் எனக்குத் தந்தால் ‘குரெரு’, நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகெரு’. அதோடு நில்லாமல், கொடுப்பது பெரியவருக்கானால் ‘ஸஷிஅகெரு’ என்றும், செடிக்குத் தண்ணீரோ நாய்க்குச் சோறோ ஆனால் ‘யரு’ என்றும் வினை மாறுகிறது. திசை, அந்தஸ்து என்று தொல்காப்பியர் சொன்ன இரண்டு பேதங்களையும், அவர் பெயரைக் கேட்டறியாத ஒரு ஜனசமூகம் அன்றாடப் பேச்சில் அனுசரித்து வருகிறது! ஆங்கிலக் கதையில் ஒருத்தி ஒருவனுக்கு ஒரு பொருளைக் கொடுத்தாள் என்று வந்தால், மூலத்தில் இல்லாத உறவுமுறையைத் தானே நிர்ணயித்துக்கொண்ட பிறகல்லாது ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் எழுதுகோலை எடுக்க முடியாது.

‘வேர்’ என்னும் ஆங்கில வினையோ நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் பத்தாகப் பிரியும். சேலையைக் கட்டுகிறாள், ரவிக்கையைப் போடுகிறாள், பூவை வைக்கிறாள், பொட்டை இடுகிறாள், சந்தனத்தைப் பூசுகிறாள், கண்ணுக்கு மை தீட்டுகிறாள். பழைய நூல்களில் உடுப்பதும் பூண்பதும் சூடுவதும் தரிப்பதும் தனித்தனிச் செயல்கள். உடலைச் சுற்றிவருவது ஒன்று, நுழைத்துக்கொள்வது ஒன்று, மேலே தங்குவது ஒன்று, தோலோடு ஒட்டுவது ஒன்று என்று கை செய்யும் காரியத்தைக் கண்டு நம் முன்னோர் பெயரிட்டனர். ஜப்பானியரும் தலையில் இடுவதற்குக் ‘கபுரு’, உடம்பில் இடுவதற்குக் ‘கிரு’, காலில் இடுவதற்கு ‘ஹகு’ என்று பிரித்தே வைத்திருக்கின்றனர். ஆனால் அவர்கள் பார்த்தது உடலின் பகுதியை, நாம் பார்த்தது கையின் தொழிலை. இவ்வளவு சம்பத்தையும் வைத்துக்கொண்டு, நம் நாவல்களிலும் செய்தித்தாள்களிலும் இப்போது கதாநாயகி சேலை அணிகிறாள், பூ அணிகிறாள், செருப்பு அணிகிறாள், கண்ணாடியும் அணிகிறாள். ‘அணி’ நல்ல சொல்தான். ஆபரணத்துக்கு உரிய சொல். அதைச் செருப்புக்கும் சேர்த்துப் பொது வினையாக்கியவர் யார் என்று தேடினால், தமிழரில் ஒருவரும் அகப்படமாட்டார். ஆங்கில வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவசரமாக எழுதிய ஒரு கைதான் அகப்படும். கழற்றுவதிலும் இதே அநியாயம். சேலை அவிழ்வது, சட்டை கழல்வது, பூவை எடுப்பது எல்லாம் போய், யாவும் ‘அகற்றப்பட்டன’ என்று முடிகிறது.

‘ஹாவ்’ என்பதற்கு நம் மொழியில் நேரான வினையே கிடையாது. இது குறையும் அன்று. ருஷ்ய மொழியிலும் ‘என்னிடத்தில் இருக்கிறது’ என்ற பாங்கில்தான் உடைமையைச் சொல்லுகின்றனர். அரபியிலும் ஐரிஷ் மொழியிலும் அப்படியே. பொருளை மனிதன் வைத்திருக்கிறான் என்பதற்குப் பதிலாக, பொருள் மனிதனிடத்தில் இருக்கிறது என்று எண்ணுகிற ஜாதியார் உலகில் ஏராளம். தமிழிலோ இதிலும் ஒரு நுட்பம் கூடுதலாக அமைந்திருக்கிறது. ‘எனக்கு இரண்டு பெண்கள்’, ‘எனக்குக் காய்ச்சல்’ என்று, விட்டுப் பிரியாத உறவையும் உடலின் நிலையையும் நான்காம் வேற்றுமையில் வைக்கிறோம். ‘என்னிடம் பத்து ரூபாய் இருக்கிறது’ என்று, கைமாறத்தக்க பொருளை ‘இடம்’ என்னும் உருபில் வைக்கிறோம். ‘அவனுக்குப் பணம் இருக்கிறது’ என்றால் செல்வன். ‘அவனிடம் பணம் இருக்கிறது’ என்றால் இப்போது மடியில் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம். இந்தப் பேதத்தை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு வாக்கியங்கள் வேண்டும். நம் மொழிபெயர்ப்பாளரோ எல்லாவற்றுக்கும் ‘கொண்டிருக்கிறது’ என்னும் ஒரே தைலத்தைத் தடவுகின்றனர். நூல் ஐந்து இயல்களைக் கொண்டது என்றால் தமிழ்தான். அங்கங்களால் ஆன ஒரு முழுமையைச் சொல்ல அவ்வினை பழைய உரைகளிலிருந்தே வருகிறது. ஆனால் ‘நான் இரண்டு தம்பிகளைக் கொண்டிருக்கிறேன்’, ‘அவள் கூரிய மூக்கைக் கொண்டிருந்தாள்’ என்பவை எந்தத் தமிழ்த் தாயும் பேசாத தமிழ்.

‘பி’ என்னும் வினையைத் தத்துவ ஆசிரியர்களிடம் விட்டுவிடலாம் என்று நினைத்தோம்; ஆயினும் ஒரு வார்த்தை. ‘நான் ஆசிரியன்’ என்னும்போது தமிழனுக்கு இணைப்பு வினை வேண்டியதில்லை. ருஷ்யனுக்கும் நிகழ்காலத்தில் வேண்டியதில்லை. ஸ்பானியனுக்கோ ஒன்றுக்கு இரண்டாக உண்டு, நிலைத்த இயல்புக்கு ஒன்றும் வந்துபோகும் நிலைக்கு ஒன்றும். ஹாம்லெட் தனித்து நின்று ஆராயும் அந்தப் பிரசித்தமான பேச்சு, ஆங்கிலத்தில் இந்த ஒரு வினையின் மேல்தான் நிற்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் அந்நாடகத்தை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். அவருக்குப் பின் அதைத் தமிழில் கொண்டுவர முயலும் எவரும், இருத்தலா, வாழ்தலா, உயிரோடிருத்தலா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஷேக்ஸ்பியர் திறந்து வைத்திருந்த கதவுகளில் ஒன்று சாத்திக்கொள்ளும்.

இதுவரை சொன்னவற்றில் ஆங்கிலத்தின் ஒரு சொல் நம்மிடத்தில் பலவாகப் பிரிவதைக் கண்டோம். நம் மொழிக்கே உரிய செல்வம் என்று நாம் கருதுவது இன்னொன்று: துணைவினைகள். ஒரு கண்ணாடித் தம்ளர் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை வந்து ‘தம்ளர் உடைஞ்சு போச்சு’ என்கிறது. உடைத்தவர் ஒருவருமில்லை, அது தானே போயிற்று. தாய் ‘உடைச்சிட்டியே’ என்கிறாள். காரியம் முடிந்தது, திரும்பாது என்பது அந்த ‘விடு’வில் இருக்கிறது. பாட்டி உள்ளேயிருந்து ‘உடைச்சுத் தொலைச்சியா’ என்கிறாள், அதில் எரிச்சல். தாத்தா, ‘கையைக் கிழித்துக்கொள்ளாதே’ என்கிறார். அந்தக் ‘கொள்’ளில் வினையின் பயன் செய்தவனுக்கே திரும்புகிறது. இந்த நால்வரையும் ஆங்கிலத்துக்கு அழைத்துச் செல்பவருக்குக் கையில் இருப்பது ‘பிரேக்’, ‘கட்’ என்று இரண்டு வெறும் வினைகளே. மற்றதையெல்லாம் குரலைப் பற்றிய வருணனையாக எழுதிக்காட்ட வேண்டும். ஸ்பானிய மொழியில் மட்டும், தம்ளர் ‘எனக்குத் தானே உடைந்துகொண்டது’ என்ற பாணியில் சொல்லிக் குற்றத்திலிருந்து தப்பும் வழி ஒன்று உண்டென்பது நம் குழந்தைகளுக்கு ஆறுதலாக இருக்கலாம்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது நிலைமை தலைகீழ். மூலத்தில் ‘உடைத்தான்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லையாதலால், மொழிபெயர்ப்பிலும் ‘உடைத்தான்’ என்றே நின்று, பக்கம் பக்கமாகத் துணைவினையில்லாத வினைமுற்றுகள் வரிசையாக வருகின்றன. இலக்கணப் பிழை ஒன்றுகூட இராது. ஆயினும் படிப்பவனுக்கு வெகுநேரம் உப்பில்லாமல் உண்டதுபோன்ற அலுப்பு ஏற்படுகிறது. காரணம் இதுவே: தமிழன் வெறும் வினைமுற்றைச் சொல்லி நிறுத்துவது அரிது, விட்டான், கொண்டான், போனான், வைத்தான், பார்த்தான் என்று ஏதேனும் ஒன்றைச் சேர்த்துத்தான் தன் மனப்பான்மையைத் தெரிவிப்பான். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது துரோகம் என்று அஞ்சுகிற மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத ஊமைத்தனத்தைச் சேர்த்துவிடுகிறார் என்பதே நம் அபிப்பிராயம்.

‘ப்ளீஸ்’ படும் பாடும் இதே வகைதான். அதற்கு எதிரே ‘தயவுசெய்து’ என்று எழுதிப் பழகிவிட்டோம். வேற்றூர் ரயில் நிலையத்து அறிவிப்புப் பலகையில் அது பொருந்தும். அண்ணியிடம் காபி கேட்கும் கொழுந்தன் வாயில் பொருந்தாது. அவன் ‘கொஞ்சம் காபி தாங்களேன்’ என்பான். மரியாதை அந்த ‘ங்கள்’ளில் இருக்கிறது; வேண்டுகோள் அந்த ‘ஏன்’ என்னும் ஈற்றில் இருக்கிறது; கேட்பது பெரிய காரியமன்று என்னும் பணிவு அந்தக் ‘கொஞ்ச’த்தில் இருக்கிறது.

அந்நியப் பிரயோகம் அனைத்தையும் நாம் விரட்டச் சொல்லவில்லை. பஸ்ஸைப் ‘பிடிப்பது’ ஆங்கிலப் பேச்சின் சாயலாகவே இருக்கலாம். ஆனால் ஓடிப்போய்க் கையால் எட்டிப் பற்றுகிற அனுபவம் நமக்கும் இருப்பதால், கிராமத்துக் கிழவியும் அதைச் சொல்லுகிறாள், ஆகவே அது தமிழ். ‘நடவடிக்கை எடுப்பது’ சர்க்கார் காகிதங்களிலிருந்து வந்து ஊன்றிவிட்டது. இனி அதைப் பிடுங்க முயல்வது வீண். ஆனால் சொற்பொழிவாளர் ‘ஒரு உரையைக் கொடுத்தார்’ என்பதும், கல்வி வாழ்க்கையில் ‘முக்கியப் பாத்திரத்தை விளையாடுகிறது’ என்பதும் இன்னும் காகிதத்தை விட்டு வாய்க்கு வரவில்லை. வருவதற்குள் தடுத்துவிடலாம்.

சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனும், பின்னர் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அதே சர்வகலாசாலை வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியமும் நமக்கு இருக்கின்றன. அவை மகத்தான காரியங்கள். ஆனால் அகராதி ஒரு வினைக்கு இத்தனை பொருள் என்று சொல்லுமே ஒழிய, எந்த வீட்டில், எந்த உறவில், எந்தக் கோபத்தில் எது வரும் என்பதைப் பேசுகிறவர்களிடமிருந்துதான் கேட்டறிய வேண்டும். அது ஜில்லாவுக்கு ஜில்லா மாறும். பாத்திரத்தை ஓரிடத்தில் விளக்குவார்கள், ஓரிடத்தில் தேய்ப்பார்கள், ஓரிடத்தில் கழுவுவார்கள்.

ஆதலால் இவ்விதழுக்கு மொழிபெயர்ப்பு அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள்; அவர் புருவத்தைச் சுளிக்கும் இடங்களில் முதலில் வினையைப் பாருங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: கொடுப்பது, உடுப்பது, கழுவுவது, சுமப்பது, உடைவது ஆகிய இந்தச் செயல்களுக்கு உங்கள் ஊரில் வழங்கும் வினைச்சொற்களை எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றை வரிசையாக வெளியிட விரும்புகிறோம். சொல்லை மட்டும் எழுதினால் போதாது. ஊரின் பெயரையும், அச்சொல் பேச்சில் வருகிற ஒரு வாக்கியத்தையும், அதை யார் யாரிடம் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதவும்.