யார் செய்த பாவம்?

பிள்ளைக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. இன்னொரு வீட்டில் ஒன்றரை வயதாகியும் கழுத்து நிற்கவில்லை, அடிக்கடி வலிப்பு. இப்படியொரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வரும் தாயிடம் நம் சபையார் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். "எந்த ஊழியக்காரர்கிட்ட ஜெபிச்சீங்க?" என்பார் ஒருவர். "முன்னோர் சாபம் ஏதும் இருக்கப் போகுது, அறிக்கை பண்ணிப் பாருங்க" என்பார் இன்னொருவர். "விசுவாசம் பத்தலம்மா" என்பதும் ஒரு நாள் வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் நரம்பியல் மருத்துவர் சொன்னதைத் தாங்கிக்கொண்ட அந்தப் பெண், இதைத் தாங்க முடியாமல் அடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருந்துவிடுகிறாள்.

சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு நம்பிக்கை தருவது திருச்சபையின் கடமை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஞாயிறு பள்ளி நடத்துகிறோம், மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம், குடும்ப ஜெபத்தை வலியுறுத்துகிறோம். எல்லாம் நல்லவையே. அந்த வகுப்புகளில் உட்கார முடியாத பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்தப் பக்கத்தை ஒதுக்குகிறோம். நம் விசுவாசத்திடம் கொடுக்க என்ன இருக்கிறது என்பது அந்த வீடுகளில்தான் தெரியவரும்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும், பாவம் அவருடையதா அவரைப் பெற்றவர்களுடையதா என்றுதான் சீஷர்கள் கேட்டார்கள். இயேசு இரண்டையும் மறுத்தார். யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைப் பிரசங்கிப்பவர்கள் நேரே கண் திறந்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். கண்ணில் சேறு பூசப்படுவதற்கு முன்பே, ஒரு தாயின்மீதும் தகப்பன்மீதும் ஊர் ஏற்றி வைத்திருந்த பழி இறக்கப்பட்டுவிட்டதை யாரும் நின்று கவனிப்பதில்லை. அதே அதிகாரத்தில் அந்தப் பெற்றோர் பிறகு ஒருமுறை வருகிறார்கள். பரிசேயர் விசாரிக்கும்போது, பிள்ளை தங்களுடையவன், பார்வையில்லாமல் பிறந்தவன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்றதை அவனிடமே கேட்கும்படி ஒதுங்கிக்கொள்கிறார்கள். காரணத்தையும் யோவான் எழுதி வைத்திருக்கிறார்: ஜெப ஆலயத்திலிருந்து தள்ளிவைத்துவிடுவார்கள் என்ற பயம். பிள்ளைக்குப் பார்வை கிடைத்த வேளையிலும் மகிழ முடியாமல் சபைக்குப் பயந்து நின்றவர்கள் அவர்கள். பிள்ளை சத்தம் போட்டால் எழுந்து போகத் தோதாக நம் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் கதவோரம் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது அந்தப் பெற்றோரின் நினைவு வருகிறது.

மாற்கு காட்டும் தகப்பன் இன்னொருவர். மகனுக்கு வலிப்பு. தன்னிடம் விசுவாசமும் இருக்கிறது, அவிசுவாசமும் இருக்கிறது என்று கண்ணீரோடு சொன்னவர். இன்னும் கொஞ்சம் விசுவாசம் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லி இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அதற்கு முன் அவரிடம் கேட்டதும், இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதைத்தான். பிள்ளையின் கதையைப் பெற்றவர் வாயால் சொல்லக் கேட்டார்.

இதை ஒரு மருத்துவமனையின் அன்றாட வேலையாகவே ஆக்கிக்கொண்ட இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பிறந்த கதை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஓர் இரவில், ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்ற வழக்கத்தால், பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் இறந்தார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வேலையைத் தொடங்கினார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாகாயம் வரை வருவதில்லை. அந்த நிறுவனத்தின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. தொடங்கியவர் மிஷனரி மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ். மனநோயாளி என்றால் சுவருக்குள் பூட்டி வைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பதை அங்கே முறையாக வைத்தார்கள்.

அந்த வளாகத்தில் குழந்தைகளுக்கான பிரிவுக்கு நம்பிக்கை நிலையம் என்று பெயர். அறிவு வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைகளோடு பெற்றவரும் வாரக்கணக்கில் தங்கிப் பழகும் இடம். சோற்றைப் பிசைந்து தானே வாயில் வைக்க எப்படிக் கற்றுத்தருவது, கழிப்பறைப் பழக்கத்தைச் சிறு சிறு படிகளாக எப்படிக் கொண்டுவருவது, தன்னையே கடித்துக்கொள்ளும் பிள்ளையிடம் அந்த நேரத்தில் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்பதையெல்லாம் அம்மாவே கற்றுக்கொள்கிறாள். ஊருக்குத் திரும்பினால் அங்கே நிபுணர் இருக்க மாட்டார், அவள்தான் இருப்பாள் என்பதை அறிந்தவர்கள் வகுத்த முறை அது.

அங்கே பணியாற்றிய மருத்துவர்கள் ஓர் ஆய்வையும் நடத்தி 1999இல் வெளியிட்டார்கள். 57 பெற்றோரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு விரிவுரை. மற்றவர்கள் பத்து வாரம் குழுவாக உட்கார்ந்து கேட்டார்கள், சொன்னார்கள், கலந்து பேசினார்கள். தங்கள் பிள்ளையைப் பற்றிய மனப்பான்மை நன்றாக மாறியது கலந்து பேசியவர்களிடம்தான். பிரசங்கம் செய்தே பழகிய நம்மைப் போன்றவர்கள் இந்த முடிவின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஆறுதல் என்ற பெயரில் நாம் அந்த வீடுகளுக்குக் கொடுத்துவருவது பெரும்பாலும் விரிவுரை. அவர்களைப் பேசவிட்டு நாம் கேட்ட நேரம் மிகக் குறைவு.

சுகத்துக்காக ஜெபிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜெபிக்கிறோம், ஜெபிப்போம். ஆனால் சாட்சி சொல்லும் நேரத்தில் சுகம் கிடைத்த வீட்டாருக்கு மட்டுமே ஒலிவாங்கி போகிறது. ஏழு வருடம் ஜெபித்தும் பிள்ளை நடக்கவில்லை, ஆனாலும் கர்த்தர் எங்களை விடவில்லை என்று ஒரு தகப்பன் சொன்னால் அதுவும் சாட்சி. அதைக் கேட்கத் தெரியாத சபையில், அப்போதுதான் குழந்தையின் குறையை அறிந்துவந்த இளம் தம்பதிக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. இதைவிடக் கொடுமை, விசுவாசத்தின் அடையாளமாக மாத்திரையை நிறுத்தச் சொல்வது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படிச் சொல்பவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், போதகர் எழுந்து அது தவறு என்று சபை நடுவே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். பிள்ளையின் நோயால் உடைந்துபோயிருக்கும் வேற்று மதத்து வீட்டுக்குள் நுழைந்து, சுகத்தைக் காட்டி ஞானஸ்நானம் பேசுவது அன்பு ஆகாது. பாகாயத்துக்கு எல்லா மதத்தினரும் வருகிறார்கள். சோறூட்டக் கற்றுக்கொடுப்பதற்கு யாருடைய மதத்தையும் விலையாகக் கேட்பதில்லை. அந்த வேலையை அங்கே செய்யவைத்த விசுவாசம் எது என்று வருகிறவர்களுக்குத் தெரியும்.

சேகரங்கள் செய்யக்கூடியவை பல. ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளி அறை ஒன்றை இந்தப் பெற்றோருக்குத் திறந்துவிடலாம். தேநீர் போதும், பேச்சாளர் வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கைகள் இருக்கின்றன, வாலிபர்களும் கற்றுக்கொள்ளட்டும். அப்பாக்களைக் குறிப்பாக அழைக்க வேண்டும். வேலை, வேலை என்று ஓடி வீட்டில் வாய் திறக்காமல் இருப்பவர்கள் அவர்கள்தாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகவும் பராமரிப்பு உதவித்தொகைக்காகவும் அலுவலகப் படியேறும் நாளில், விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போனால் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய பலம். பிள்ளை ஆராதனையில் சத்தம் போட்டால் போடட்டும்.

இவ்வளவும் நடந்தாலும் பெற்றவர்களின் மனத்தில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்? குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே தொடங்கி இரவில் தூங்கவிடாத கேள்வி இது. தென்னிந்தியத் திருச்சபையின் குழந்தை ஞானஸ்நான முறைமையில் பெற்றோரிடம் கேட்டு முடித்த பிறகு சபையாரிடமும் கேட்கிறார்கள். இந்தக் குழந்தை தேவனை அறிந்து வளரத் தக்கதாக நாங்கள் உண்மையாய் இருப்போம் என்று நாம் எல்லோரும் பதில் சொல்கிறோம். இயல்பாக வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அந்தப் பதிலில் வரையறை எதுவும் இல்லை. நாட்டின் சட்டமும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கான 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளை 18 வயதைக் கடந்தபின் தாங்கள் நம்பும் ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்கப் பெற்றோர் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அன்று ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நின்று பதில் சொன்னவர்களில் யாராவது, அப்படியொரு விண்ணப்பத்தில் தங்கள் பெயரை எழுதச் சம்மதிப்பார்களா என்று அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.