உடம்பு சிவப்பா, கறுப்பா?

பி.காம். படித்தவனுக்குப் பட்டாம்பூச்சி என்றால் பட்டாம்பூச்சிதான். போன ஞாயிற்றுக்கிழமை வரை.

பக்கத்து வீட்டுத் தாவரவியல் வாத்தியாரோடு கிண்டி காட்டோரம் நடந்துகொண்டிருந்தேன். நகரத்துக்கு நடுவே 2.7 சதுர கிலோமீட்டர் காடு. புதரில் ஒரு பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கை, வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள். ஐந்து நிமிஷம் முன்புதான் காட்டியிருந்தார்.

"ரோஜா அழகி!" என்றேன் பெருமையாக.

"உடம்பைப் பாருங்க தம்பி. ரோஜா அழகிக்கு சிவப்பு. இதுக்குக் கறுப்பு. இது கறிவேப்பிலை அழகி. டூப்ளிகேட்!"

விஷயம் இதுதான். ரோஜா அழகியின் புழு, ஆடுதின்னாப்பாளை மாதிரிச் செடிகளைத் தின்று விஷம் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை ருசி பார்த்த பறவை மறுபடி கிட்டே வராது. கறிவேப்பிலை அழகியிடம் விஷம் கிடையாது. ஆனால், பெண்களில் பலர் அதே டிசைனில் சேலை கட்டித் தப்பித்துவிடுகிறார்கள். முதல் போடாமல் குட்வில்! ஆணுக்கு வழக்கம்போல் எந்தச் சலுகையும் இல்லை.

"இதோட புழு எதைத் தின்னும் சார்?"

"பேர்லயே இருக்கே! கறிவேப்பிலை, எலுமிச்சை இலை. சின்னதுல பறவை எச்சம் மாதிரி இருக்கும். அப்புறம் பச்சை."

எனக்குச் சுருக்கென்றது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஏழு பச்சைப் புழுக்களைப் பொறுக்கித் தெருவில் வீசியவன் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடினேன். இலையில் ஒரு எச்சம். உற்றுப் பார்த்தேன். நகர்ந்தது!

"ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிச்சுட்டு வாங்க..." கீழேயிருந்து மனைவி.

கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.