போர் விமானத்துக்கு யார் வருமானச் சான்றிதழ் கேட்பது?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு வழியனுப்பு விழா நடந்தது. 1963-இல் இந்திய விமானப்படைக்கு வந்த விமானம், 62 ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றது. தொலைக்காட்சிகளில் நேரலை ஓடியது; பழைய விமானிகள் கண் கலங்கினார்கள். அவர்கள் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. கூடப் பறந்தவர்களைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு கிராமத்தின் பெயர் எங்காவது ஒலிக்குமா என்று காத்திருந்தேன். நான் பார்த்தவரை ஒலிக்கவில்லை.

பலோல் நகர். ராஜஸ்தானின் அனுமான்கர் மாவட்டத்தில் இருக்கிறது. 2023 மே 8 அன்று சூரத்கர் தளத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய ஒரு மிக்-21 அங்கே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானி குதித்து உயிர் தப்பினார், நல்லது. கீழே இருந்த மூன்று பெண்கள் செத்துப்போனார்கள்.

இது ஒற்றைச் சம்பவம் அல்ல. 2012-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் அழிந்துவிட்டன. இறந்தவர்களில் 171 பேர் விமானிகள், 39 பேர் பொதுமக்கள். பாதிக்கு மேல் விமானங்கள் எதிரி சுடாமலேயே விழுந்திருக்கின்றன என்று ஓர் அமைச்சர் அவையில் சொல்கிறார். நாடு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அதன் பிறகும் 13 ஆண்டுகள் அந்த விமானம் பறந்தது.

ஏன் பறந்தது என்பதுதான் கேள்வி. மிக்-21-க்கு மாற்றாகத்தான் உள்நாட்டு இலகுரகப் போர் விமானத் திட்டம் 1983-இல் தொடங்கியது. இன்றைய தேஜஸ் அதுதான். முதல் தேஜஸ் வானில் ஏறியது 2001 ஜனவரியில். முதல் படையணி அமைந்தது 2016-இல். இடைப்பட்ட 33 ஆண்டுகளை எதைக் கொண்டு ஓட்டுவது? அதற்குத்தான் 'மேம்படுத்தல்' என்ற சொல் கைகொடுத்தது. சுமார் 125 மிக்-21 விமானங்களுக்குப் புதிய ரேடார், புதிய ஏவுகணை, புதிய மின்னணுக் கருவிகள் பொருத்தி 'பைசன்' என்று பெயர் சூட்டினார்கள்.

மேம்படுத்தல் என்பதே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. உலகில் எல்லா விமானப்படைகளும் செய்வதுதான். ஒரு போர் விமானத்தின் உடல் 30, 40 ஆண்டுகள் தாங்கும். அதன் கண்ணும் காதும் 10, 15 ஆண்டுகளில் பழசாகிவிடும். எனவே உடலை வைத்துக்கொண்டு கருவிகளை மாற்றுவது நியாயமான சிக்கனம். 2011-இல் மிராஜ்-2000 விமானங்களுக்கு அப்படித்தான் ஒப்பந்தம் போட்டார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கருவியை மாற்றுவது எளிது, எஞ்சினை மாற்றுவது கடினம், களைத்துப்போன உலோகத்தை இளமையாக்கவே முடியாது. பழைய அம்பாசடர் காரில் புது ஸ்டீரியோ வைப்பது மாதிரி என்று சொல்லிவிடலாம். ஆனால் அம்பாசடர் வழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம்.

ஜாகுவாரைப் பாருங்கள். 1979-இல் வந்த விமானம். இன்று உலகில் அதை ஓட்டும் ஒரே விமானப்படை இந்தியாவுடையது. எஞ்சின் வலு போதவில்லை என்று விமானப்படை பல ஆண்டுகள் சொல்லி, புது எஞ்சின் பொருத்தும் திட்டம் பேசப்பட்டு, விலை கட்டுப்படியாகாது என்று 2019-இல் கைவிடப்பட்டது. உதிரி பாகங்களுக்காகப் பிற நாடுகள் ஓரங்கட்டிய ஜாகுவார் கூடுகளை வாங்கி வந்து கழற்றினார்கள். 2025-இல் மட்டும் மார்ச், ஏப்ரல், ஜூலை மாதங்களில் மூன்று ஜாகுவார்கள் விழுந்தன.

விழுந்த பிறகு என்ன நடக்கிறது? விசாரணைக் குழு அமைக்கப்படும். அறிக்கை வெளிவராது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு கொடுத்த தகவலின்படி 2017 முதல் 2022 வரையான காலத்தில் விமானப்படையின் வானூர்திகள் 34 விபத்துகளில் சிக்கியிருக்கின்றன. பாதிக்கு மேல் 'மனிதத் தவறு' என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. இருக்கலாம். ஆனால் அந்தத் தலைப்பில் அமைச்சரின் தவறோ, கோப்பைத் தூங்கவிட்ட செயலாளரின் தவறோ சேராது. அவர்களும் மனிதர்கள்தானே?

புதிய விமானத்தைத் தேர்ந்தெடுத்த கதை இதைவிட விசித்திரமானது. 126 பல்நோக்குப் போர் விமானங்கள் வாங்க 2007-இல் டெண்டர் விட்டார்கள். ஆறு விமானங்கள் போட்டியிட்டன. பெங்களூரின் ஈரக் காற்றிலும், ஜெய்சால்மர் வெயிலிலும், லே பனியிலும் ஓட்டிப் பார்த்தார்கள். முறையான தேர்வு. 2012 ஜனவரியில் ரஃபேல் முதலிடம் பெற்றது. பிறகு மூன்றாண்டு விலைப் பேச்சு. 2015 ஏப்ரல் 10 அன்று பாரிசில் பிரதமர் மோடி, 36 விமானங்களை நேரடியாக வாங்கப்போவதாக அறிவித்தார். 126 எப்படி 36 ஆனது, எட்டாண்டு உழைப்பு எங்கே போனது என்ற கேள்விகளுக்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை 'தேசப் பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்தன. 2016 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 787 கோடி யூரோ. நம் பணத்தில் ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய். உச்சநீதிமன்றம் 2018 டிசம்பரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2019 பிப்ரவரியில் சிஏஜி அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. பழைய விலையைவிட 2.86 விழுக்காடு மலிவு என்றது. ஆனால் எந்தத் தொகையோடு எந்தத் தொகையை ஒப்பிட்டார்கள் என்பது மறைக்கப்பட்டிருந்தது. மக்களின் கணக்கப்பிள்ளை மக்களிடம் கொடுத்த கணக்கில் எண்கள் இல்லை!

இப்போது இன்னொரு எண். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை, பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. நான்கு கோடி மாணவர்களுக்கு. அதிலும் ஒன்றிய அரசின் பங்கு 35,534 கோடிதான், மீதி மாநிலங்களுடையது. அந்த அறிவிப்பிலேயே ஓர் ஒப்புதல் இருக்கிறது: 2017-18 முதல் 2019-20 வரை இத்திட்டத்துக்கு ஒன்றிய அரசு கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி. 36 விமானங்களுக்கு 59,000 கோடி என்றால் ஆயுதம், உதிரி பாகம் எல்லாம் சேர்த்து ஒரு விமானத்தின் பங்கு 1,600 கோடியைத் தாண்டுகிறது.

விமானத்தை விற்றுப் புத்தகம் வாங்கு என்று நான் சொல்லவில்லை. தொகைகளைவிட, தொகைகளுக்குக் கேட்கப்படும் கணக்குதான் என்னை உறுத்துகிறது. அந்த உதவித்தொகை வாங்க ஒரு மாணவி சாதிச் சான்றிதழ் தர வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மிகவில்லை என்று தாசில்தார் அலுவலகச் சான்றிதழ் தர வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, வருகைப் பதிவு. எழுத்துப் பிழை இருந்தால் விண்ணப்பம் திரும்பும். சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் அப்பாவின் கூலி முழுவதையும் அவள் திறந்து காட்ட வேண்டும். அவள் அம்மா கடையில் வாங்கும் சோப்புக்கும் வரி கட்டுகிறாள். அந்த வரியில் வாங்கும் விமானத்தின் விலை மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாதாம்.

இராணுவச் செலவைக் கேள்வி கேட்பதை நமக்கு யாரும் மேற்கிலிருந்து கற்றுத்தரவில்லை. 1951-இல் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தபோது அண்ணல் அம்பேத்கர் வெளியிட்ட அறிக்கையில் இந்து சட்ட மசோதா மட்டும் இல்லை. ஆண்டு வருவாய் 350 கோடியில் 180 கோடி இராணுவத்துக்குப் போகிறது என்று எண்ணோடு சொன்னார். தவறான வெளியுறவுக் கொள்கையால்தான் இவ்வளவு செலவு என்று காரணமும் சொன்னார். அவர் இராணுவத்துக்கு எதிரி அல்ல. மகர் படைப்பிரிவுக்காக வாதாடியவர். (முப்படைகளில் இடஒதுக்கீடு இல்லை என்பது தனிக் கட்டுரைக்கான செய்தி.) படையும் வேண்டும், படைக்குக் கணக்கும் வேண்டும் என்று ஒரே மனிதர் பேச முடிந்திருக்கிறது.

வெளியே ஒரு நாடு இதை வேறு விதமாகச் செய்கிறது. சுவிட்சர்லாந்தில் போர் விமானம் வாங்கும் முடிவு வாக்குப்பெட்டிக்கே போகிறது. 2014-இல் 22 கிரிப்பன் விமானங்களை 53.4 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள், அரசு வாங்கவில்லை. 2020-இல் 600 கோடி பிராங்க் செலவுக்கு 50.1 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள், வெறும் சில ஆயிரம் வாக்கு வித்தியாசம். பிறகு எஃப்-35 தேர்வானது. நிலையான விலை என்று நம்பியிருந்தார்கள். 2025-இல் அமெரிக்கா அப்படியெல்லாம் இல்லை என்றது. ஆக, வாக்கெடுப்பு வைத்தாலும் விற்பவன் ஏமாற்றலாம். ஆனால் எவ்வளவுக்கு ஏமாற்றப்பட்டோம் என்பது அந்த மக்களுக்குத் தெரிகிறது.

"எல்லையில் சண்டை நடக்கும்போது இப்படிப் பேசலாமா?" என்பார்கள். 2025 மே மாதச் சண்டையில் இந்திய விமானங்கள் வீழ்ந்ததை முப்படைத் தலைமைத் தளபதியே மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். எத்தனை என்று சொல்லவில்லை. இங்கே அந்த எண்ணைக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பட்டம் நமக்குத் தெரியும். கேள்வியே கேட்காமல் 40 ஆண்டுகள் இருந்ததன் பலனைப் பாருங்கள்: அனுமதிக்கப்பட்ட 42 படையணிகளில் மிக்-21 போன பின் மிஞ்சியது 29. தேஜசுக்கான காவிரி எஞ்சின் 1989-இல் தொடங்கி, 2008-இல் தேஜசிலிருந்து கழற்றிவிடப்பட்டது. அமெரிக்க எஞ்சினுக்குக் காத்திருக்கிறோம். 2021-இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2024 தொடக்கத்தில் வந்திருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் பெங்களூர் விமானக் கண்காட்சியில் வைத்தே, எச்.ஏ.எல். மீது நம்பிக்கை இல்லை என்று விமானப்படைத் தளபதி சலித்துக்கொண்டார். அதே செப்டம்பரில் 62,370 கோடிக்கு இன்னும் 97 தேஜசுக்கு ஒப்பந்தம். முதல் ஆர்டரின் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த ஒப்பந்தத்தோடு விடை வரவில்லை.

தேஜஸ் படையணி கோவை சூலூரில் இருக்கிறது. சுகோய் படையணி தஞ்சாவூரில் இருக்கிறது. அந்தத் தளங்களைச் சுற்றியும் ஓட்டு வீடுகளும் பள்ளிக்கூடங்களும் காலனிகளும் உண்டு. 114 புதிய போர் விமானங்கள் வாங்கும் பேச்சு 2018-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ரஃபேலைவிடப் பல மடங்கு பெரிய தொகை. அதன் முழு விலையை, மூடிய கதவுக்குள்ளாவது, நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வைக்கட்டும். விபத்து விசாரணை அறிக்கைகளை, இரகசியக் கருவிகள் பற்றிய பகுதிகளை நீக்கிவிட்டு வெளியிடட்டும். கீழே செத்தவர்களின் குடும்பங்களுக்கான இழப்பீட்டை, கலெக்டரின் கருணைக்கு விடாமல் சட்டமாக்கட்டும். நம் மக்களவை உறுப்பினர்கள் 40 பேர் அடுத்த கூட்டத்தொடரில் இந்த மூன்றையும் கேட்கலாம்.