தேக்காவும் லிட்டில் இந்தியாவும்

சிங்கப்பூரில் இருபத்தைந்து ஆண்டுகள் கட்டட வேலை செய்து ஊர் திரும்பிய என் தாய்மாமாவுக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வரும்; ஆங்கிலத்தில் தம் பெயரை எழுதுவதோடு சரி. ஒருமுறை கையில் அடிபட்டு அங்குள்ள மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றவர், ஆங்கிலப் பலகை மட்டுமே தொங்கிய ஓர் அறையின் முன்னே நண்பகல்வரை அமர்ந்திருந்தாராம். அது மருந்து வாங்கும் இடம். மருத்துவர் இருந்ததோ அடுத்த மாடியில். "யாரிடமாவது கேட்டிருக்கலாமே, மாமா?" என்றேன். "கேட்டால் எழுத்துத் தெரியாதவன் என்பது நாலு பேருக்குத் தெரிந்துபோகுமே, மருமகனே" என்றார்.

இத்தனைக்கும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அந்நாட்டின் ஆட்சிமொழிகள். மலாய் தேசிய மொழியும் ஆகும். 1965இல் தனி நாடானபோது, பெரும்பான்மைச் சீனர்களின் மொழியை முன்னிறுத்தினால் மலாய்க்காரரும், மலாயை முன்னிறுத்தினால் சீனரும் மனம் வருந்தியிருப்பர். எவருடைய தாய்மொழியாகவும் கருதப்படாத ஆங்கிலம் வாணிபத்துக்கும் பயன்பட்டது, சச்சரவையும் தவிர்த்தது. அந்த முடிவை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆனால் சச்சரவு தவிர்ந்ததற்கான விலையை ஆங்கிலம் அறியாதவர் தனியே செலுத்துகின்றாரே, அதுதான் உறுத்துகின்றது.

1987இல் ஓடத் தொடங்கிய அந்நகரின் பெருவிரைவு ரயிலில், நிலையப் பெயர்கள் ரோமன், சீனம், தமிழ் எழுத்துக்களில் காணப்படுகின்றன. மலாய்க்குத் தனிவரி இல்லை. முன்னர் ஜாவி எனும் அரபு எழுத்தில் எழுதப்பட்ட அம்மொழி இன்று ரோமன் எழுத்தையே பெரிதும் கைக்கொண்டுவிட்டது. (நம் அரபுத் தமிழை இன்று வாசிப்போர் எத்தனை பேர் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.) தமிழ் வரியை உற்று நோக்கினால் ஒரு வேடிக்கை புலப்படும். சைனாடவுன் நிலையத்திற்குச் சீனர் 'மாட்டுவண்டித் தண்ணீர்' எனப் பொருள்படும் தம் பழைய பெயரையே எழுதியுள்ளனர். தமிழிலோ 'சைனாடவுன்' என்றே இருக்கின்றது. நம்மவர் நாள்தோறும் 'தேக்கா' என்றழைக்கும் இடத்து நிலையத்திற்குத் தமிழ் எழுத்தில் 'லிட்டில் இந்தியா' என்று பெயர்! தேக்கா என்பதும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்த சொல்லே. ஆயினும் மக்கள் வாயில் புழங்கிப் புழங்கி அது நம்முடையதாகிவிட்டது.

வெறும் ஒலிபெயர்ப்பாயினும் தமிழ் எழுத்து இருப்பது என் மாமா போன்றோருக்குப் பேருதவிதான். அதனைக் கவனமாக எழுதவேண்டும். 2014இல் லாவ் பா சாட் எனும் புகழ்பெற்ற உணவங்காடியின் பெயர்ப்பலகையில், 'சாட்' என்பதைச் சனிக்கிழமையாக்கிச் 'சனி' என்று எழுதிவிட்டனர். தமிழறிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் நேர்ந்திராத பிழை.

தமிழரின் சுவடுகள் அவ்வூர்ப் பலகைகளில் இல்லாமலில்லை. சூலியா தெரு நம் முன்னோரின் பெயர்தான். கடையநல்லூர்த் தெருவும் உண்டு. பெயர் நம்முடையது, எழுத்து வேறு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுவோர் 48.3 விழுக்காடு, பத்தாண்டுகளுக்கு முன்னர் 32.3. தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடே. இரண்டரை பேருக்காக நான்காவது வரி எதற்கு என்று எவரேனும் கேட்கக்கூடும். துணிக்கடைக்கும் திரையரங்கிற்கும் அக்கேள்வி பொருந்தலாம். மருத்துவமனை வாசலிலும், மருந்துப் பொட்டலத்திலும், காவல் நிலையத்திலும் பொருந்தாது. அங்கே வந்து நிற்பவர் பெரும்பாலும் முதியவர், அல்லது நம்மூரிலிருந்து சென்ற கூலித் தொழிலாளி.

கட்டட வேலையிடங்களில் மட்டும் இந்த நியாயம் முன்பே உணரப்பட்டிருக்கின்றது. அங்குள்ள எச்சரிக்கைப் பலகையில் நான்கு மொழிகளும் உண்டு. மாமா இன்றும் அதை ஒப்பிப்பார்: "தமிழில் அபாயம், மலாயில் பஹாயா. பார்த்தாயா மருமகனே, இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறது!"