டிசம்பர் 26ம் உம்மா தந்த வீடும்



ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் திகதி காலை 9.25க்கு நம் நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறோம். 2005இலிருந்து அது தேசிய பாதுகாப்பு தினம். எங்கள் கரையோரத்தில் அன்று பள்ளிவாசல்களில் கத்தமுல் குர்ஆன் ஓதி துஆச் செய்வார்கள். வீட்டில் இருக்கும் நாங்கள் யாசீன் ஓதி, மௌத்தானவர்களுக்கு ஹதியாச் செய்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போவோம்.

2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும் கூட. இலங்கையில் சுனாமியால் இறந்தவர்கள் 30,000 பேருக்கு மேல். அவர்களில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல். வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை பேர் போகவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவே நெருக்கமாக வீடுகள். நமக்குப் பக்கத்திலேயே காரைதீவிலும் பாண்டிருப்பிலும் தமிழ்ச் சகோதரர்கள் அதே அலையில் போனார்கள். அன்று சம்மாந்துறைப் பக்கமிருந்து சோற்றுப் பொதிகளோடு வந்தவர்களையும், தங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர்களையும் எங்கள் தலைமுறை மறக்காது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக.

இவையெல்லாம் ஆண்டுதோறும் பேசப்படுபவை. பேசப்படாத ஒன்றைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத நினைத்தேன்.

நமது பாரம்பரியம் எது என்று கேட்டால் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தைச் சொல்வோம். மருதமுனைத் தறியைச் சொல்வோம். ஆனால், எல்லாவற்றையும் விடப் பெரிய பாரம்பரியத்திற்குள்தான் நாம் குடியிருக்கிறோம் என்பது நினைவுக்கு வருவதில்லை. அதுதான் வீடு. கிழக்கிலங்கையில் வீடு பெண்ணுக்குரியது. உம்மாவின் வளவைப் பிரித்து மகளுக்குக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அடுத்த மகளுக்கு நிக்காஹ் வந்தால், வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் ஒரு சிறு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். ராத்தாவும் தங்கச்சியும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுவார்கள். குடியும் தாய்வழியாகத்தான் வரும்.

இந்த வழக்கத்தை நான் வானளாவப் புகழ வரவில்லை. ஒரு வீடு கட்டி முடியாததால் நிக்காஹ் இல்லாமல் முப்பதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர்? தங்கச்சிமாருக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காக சவூதியிலும் கத்தாரிலும் இளமையைக் கழித்த நானாமார் எத்தனை பேர்? மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவர், வீடும் கைக்கூலியும் கேட்டு வருவதை மார்க்கத்தின் பெயரால் யாரும் நியாயப்படுத்த முடியாது. அதையெல்லாம் வேறொரு மாதம் பேசுவோம். ஆனால் அந்த வழக்கத்திற்குள் ஒரு பெரிய பாதுகாப்பு இருந்தது. கணவர் மௌத்தானாலும் அவள் வீடு அவளுடையது. தலாக் நடந்தால் வெளியே போவது அவர்தான், அவளும் பிள்ளைகளும் அல்ல.

இப்போது சுனாமிக்கு வருவோம். கடலோரத்தில் இடிந்த வீடுகளில் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். முழுவதும் இடிந்த வீட்டுக்கு அரசாங்கம் 250,000 ரூபாவும், பகுதி சேதத்திற்கு 100,000 ரூபாவும் தந்தது. வடகிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள், பிறகு அதைத் தளர்த்தினார்கள். கரையில் இருந்தவர்கள் புதிய குடியிருப்புகளுக்குப் போனார்கள். சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம் வந்தது, கல்முனையில் கிறீன் பீல்ட் மாடிவீடுகள் வந்தன, மருதமுனையில் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் வந்தது. நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், இனப்பங்கீட்டு வழக்கினால் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்த கதையை நீங்கள் அறிவீர்கள்.

வீடு கொடுப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஓர் இடம். நிரப்பியவர்கள் கணவரின் பெயரை எழுதினார்கள். யாரும் சூது செய்யவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரம், ஒரு கூரை கிடைத்தால் போதுமென்றிருந்த நேரம் அது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் அமைப்புகள் இதை அப்போதே எடுத்துச் சொன்னார்கள். சில இடங்களில் பெண்ணின் பெயரோ இருவர் பெயருமோ எழுதப்பட்டது. மற்ற இடங்களில் உம்மாவின் வளவுக்கு ஈடாக வந்த வீடு, ஒரு பேனாக் கோட்டில் மருமகனின் சொத்தாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா இருக்கிறார். கடற்கரையோரம் வாப்பா கட்டித் தந்த கல்வீடு போனது. கிடைத்த வீட்டின் உறுதி கணவர் பெயரில் இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். சில ஆண்டுகளுக்கு முன் கணவர் மௌத்தானார். நாற்பதாம் நாள் கழிந்த பிறகு மச்சான் வந்து பங்கைப் பற்றிப் பேசினார். அவர் கெட்டவர் அல்ல, அவருக்கும் கரைசேர்க்க ஒரு மகள் இருந்தாள். கணக்குப் பார்த்தால் அவர் கேட்டது சரிதான். பெற்றோர் இல்லாத ஒருவர் மனைவியையும் இரு பெண் மக்களையும் ஒரு சகோதரனையும் விட்டுப் போனால், சொத்தை 24 பங்காக்கி மனைவிக்கு 3, மக்களுக்கு 16, சகோதரனுக்கு 5 என்று கொடுக்க வேண்டும்.

அந்தப் பங்கீடு அல்லாஹ் வகுத்தது. அதில் குறை இல்லை. ஆனால் மனைவியின் சொத்தில் கணவருக்கு உரிமையில்லை என்று சொன்னதும் அதே மார்க்கம்தானே? அந்த வீடு முதலில் யாருடையதாக இருந்தது? பிழை ஃபராயிளில் இல்லை, படிவத்தில் இருந்தது. ராத்தாவின் மச்சான் கடைசியில் விட்டுக்கொடுத்தார். ஆனால் அதற்குள் ஒரு வருடம் இரண்டு குடும்பமும் பேசாமல் இருந்தன. ஒரு பெருநாள் அப்படியே கழிந்தது.

சுமாத்திராவின் கடலடியில் பூமி அதிர்ந்து எழுந்த அலை, நம்மிடம் வருமுன் ஆச்சே கரையை அழித்தது. அங்கே மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். அவர்களும் முஸ்லிம்கள். அங்கேயும் பெற்றோர் மகளுக்கு வீடு கொடுப்பார்கள், கணவர் அங்கே வந்திருப்பார். மனைவியை ‘போ ருமோ’ என்பார்கள், வீட்டுக்கு உரியவள் என்று பொருள். அவர்களுக்கும் புது வீட்டின் பத்திரத்தில் யார் பெயர் என்ற இதே கேள்வி வந்தது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுத வேண்டுமென்று அங்கும் முயன்றார்கள். தமிழகத்தில் காயல்பட்டினத்துச் சகோதரிகளுக்கும் பெண் வீடு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சகோதரிகளே, இந்த டிசம்பர் 26இல் யாசீன் ஓதி முடித்ததும் உங்கள் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். கையில் இருப்பது உறுதியா, அனுமதிப்பத்திரமா, அல்லது திறப்பைத் தந்தபோது கொடுத்த வெறும் கடிதமா? வெறும் கடிதமென்றால் பிரதேச செயலகத்தில் விசாரித்து உறுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரச காணி அனுமதிப்பத்திரமென்றால் அதில் பின்னுரித்தாளியின் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பட்டியல் ஆண்பிள்ளையைத்தான் முன்னே வைத்தது, 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். கணவர் பெயரில் உறுதி இருந்து, அவரும் மனமொப்பினால், நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி எழுதிக் கொள்ளலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சண்டையாகவும் கேட்க வேண்டாம். அவர் தேத்தண்ணீர் குடிக்கும் நேரமாகப் பார்த்து, “இது உம்மா தந்த வளவுக்குக் கிடைத்த வீடுதானே?” என்று கேட்டால் போதும். பெரும்பாலான ஆண்கள் இதை யோசித்ததே இல்லை.

என் உம்மாவின் உறுதி தகரப் பெட்டியோடு கடலில் போனது. அது போய்விட்டதென்றே பல ஆண்டுகள் இருந்தோம். பிறகு ஒருநாள் கல்முனைக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பம் கொடுத்துக் கேட்டபோது, பதிந்த உறுதியின் பிரதி அங்கே இருந்தது. நாலு எல்லையும் எழுதி, கிழக்கே கடல் என்று போட்டு, அதன் கீழே உம்மாவின் பெயரும் இருந்தது.