காட்டுத் தீ: காரணங்கள் பல, தில்லியில் பதில் ஒன்றே

புது தில்லி: காட்டுத் தீ என்றதும் தலைநகரில் நினைவுக்கு வருவது உத்தரகண்ட். 2016-ல் அங்கு குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தபோதும், 2024-ல் மக்களவைத் தேர்தல் நடந்தபோதும் மலைகள் எரிந்தன. விமானப் படை ஹெலிகாப்டர்கள் ஏரி நீரை மொண்டு ஊற்றிய காட்சி நாடெங்கும் ஒளிபரப்பானது. ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளும் ஆண்டுதோறும் எரிகின்றன. அவை தலைப்புச் செய்தியாவது அபூர்வம்.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியான அறிக்கையில் தரும் கணக்கு இது: 2023-24 தீப் பருவத்தில் செயற்கைக்கோள்கள் நாடு முழுவதும் பதிவு செய்த தீப்புள்ளிகள் 2,03,544. உத்தரகண்டில் 21,033; ஒடிசாவில் 20,973; சத்தீஸ்கரில் 18,950. ஒரே தீ பல நாள் பரவினால் பல புள்ளிகளாகப் பதிவாகும் என்பதால், இதைத் தீ விபத்துகளின் எண்ணிக்கையாகக் கொள்ள முடியாது. ஆனால் போக்கு தெரிகிறது. முந்தைய பருவத்தில் உத்தரகண்டின் எண்ணிக்கை 5,351 மட்டுமே. மழையும் பனியும் பொய்த்த ஒரு குளிர்காலம் அதை ஏறக்குறைய நான்கு மடங்காக்கியது.

மூங்கில்கள் உராய்ந்து காடு பற்றிக்கொள்ளும் என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் பலர். நாட்டின் காட்டுத் தீயில் சுமார் 95 சதவீதம் மனிதர்களால் ஏற்படுவது என்பதே அரசுத் தரப்பின் மதிப்பீடு. ஆனால் 'மனிதர்கள்' என்ற சொல்லில் முற்றிலும் வேறுபட்ட பிழைப்புகள் அடங்கியுள்ளன.

ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலுப்பைப் பூ உதிரும். சருகுக்குள் விழுந்த பூவைப் பொறுக்க முடியாது. மரத்தடியை எரித்துச் சுத்தம் செய்கிறார்கள். பீடி இலை நன்கு துளிர்ப்பதற்காகவும் புதர்களுக்குத் தீ வைக்கப்படுகிறது. மிஸோரம் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களிலோ 'ஜூம்' எனப்படும் இடம்பெயர் சாகுபடிக்காக வெட்டிக் காயவைத்த புதர்கள் மழைக்கு முன் எரிக்கப்படுகின்றன. அது விவசாயம், எல்லை மீறும்போதுதான் காட்டுத் தீ.

உத்தரகண்டின் கதை வேறு. அங்கு சீர் பைன் மரங்களின் ஊசியிலைகள் தரையில் மெத்தைபோல் குவிகின்றன. பிசின் கலந்த அந்தச் சருகுக்கு அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும். மேய்ச்சல் புல்லுக்காக வைக்கும் தீயும் கைமீறுகிறது. காட்டுடன் மக்களுக்கு இருந்த உறவு முறிந்ததும் ஒரு காரணம். காடுகளை ஆங்கிலேய அரசு கையகப்படுத்தியதை எதிர்த்து 1921-ல் குமாவுன் மக்கள் காட்டுக்குத் தீ வைத்தது வரலாறு.

1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் இவை அனைத்தையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. காப்புக் காட்டில் தீ வைப்பது 26-ஆவது பிரிவின்படி குற்றம். நடைமுறையில், தீயை முதலில் பார்க்கும் கிராமத்தினர் வழக்குக்கு அஞ்சி ஒதுங்கவே இது வழிசெய்கிறது.

1976-ல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் காடுகள் பொதுப் பட்டியலுக்கு வந்தன. ஆயினும் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம், வனப் பாதுகாப்பு முதன்மையாக மாநிலங்களின் பொறுப்பு என்பதே மத்திய அரசின் வழக்கமான பதில். காட்டுத் தீ தடுப்பு, மேலாண்மைத் திட்டத்தில் மலை மாநிலங்களுக்கும் வடகிழக்குக்கும் 90 சதவீதமும் மற்றவற்றுக்கு 60 சதவீதமும் மத்திய நிதி தரப்படுகிறது. தீ வந்தபின் அணைக்கும் செலவு கண்ணுக்குத் தெரியும். சருகு அகற்றும் செலவு தெரியாது. ஊசியிலை சேகரிப்பை ஊக்குவிக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2016 டிசம்பரிலேயே பரிந்துரைத்தது. கிலோவுக்கு ரூ. 50 தருவதாக உத்தரகண்ட் அரசு அறிவித்தது 2024 மே மாதத்தில், மலைகள் எரிந்துகொண்டிருந்தபோது.

அதே மாதம், தீ பரவும் வேளையில் வன ஊழியர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. மாநிலத் தலைமைச் செயலரையும் நேரில் அழைத்தது. ஜூன் 13-ஆம் தேதி அல்மோரா மாவட்டம் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கச் சென்ற வனத் துறைப் பணியாளர்கள் 4 பேர் கருகி இறந்தனர்.