தேவியின் கரங்களும் பெண்களின் கரங்களும்

சேலையுடுத்துத் தாமரைமேல் நிற்கும் இலட்சுமி படத்தை அறியாத இந்து இல்லம் இல்லை எனலாம். இத்தகைய படங்கள் வீடுதோறும் பரவியதில் ஓவியர் இராஜா ரவிவர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்துக்குப் பெரும் பங்குண்டு. தேவியை அயலகத்துப் பெண்போலச் சேலையில் காட்டிய அப்படங்களே இன்று மரபாகிவிட்டன.

1905இல் அபனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை நான்கு கரங்களுடன் தீட்டினார். கரங்களில் ஆயுதம் இல்லை. நெற்கதிர், துணி, ஏடு, செபமாலை ஆகியவையே இருந்தன. 1990இல் அர்ப்பிதா சிங் என்னும் பெண் ஓவியர் மேலும் ஒருபடி சென்றார். சேலை கட்டிய சாதாரணப் பெண்ணொருத்திக்குப் பல கரங்களை அளித்து, ஒன்றில் கைத்துப்பாக்கியையும் கொடுத்தார். 'தேவி பிஸ்டல்வாலி' என்பது அதன் பெயர்.

தெய்வத் திருவுருவை இவ்வாறு கையாளலாமா எனச் சில அன்பர்கள் வருந்தக்கூடும். அவ்வருத்தம் பக்தியில் பிறந்தது, இகழத்தக்கதன்று. ஆயினும், தேவி மாகாத்மியம் கூறுவது யாது? மகிடனை அழிக்கத் தோன்றிய தேவிக்குச் சிவபெருமான் சூலத்தையும் திருமால் சக்கரத்தையும் வழங்கினர். ஏனைய தேவரும் தத்தம் ஆயுதங்களை ஈந்தனர். பொறுப்பை ஒப்படைத்தவர்கள் அதற்கான அதிகாரத்தையும் உடன் ஒப்படைத்தனர் என்பதே இங்கு சிந்திக்கற்பாலது.

புலம்பெயர்ந்த நாடுகளில் நடப்பது என்ன? பகலெல்லாம் வேலைத்தலத்தில் உழைக்கும் பெண், மாலையில் வீட்டில் சமைக்கிறாள். பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை கோயிலில் பூமாலை தொடுக்கிறாள். திருவிழாவில் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்குகிறாள். "அம்மாவுக்குப் பத்துக் கை" என்று மேடையில் புகழ்கின்றனர். கோயில் வரவு செலவையும் திருப்பணியையும் தீர்மானிக்கும் கூட்டத்திலோ அந்தப் பத்துக் கைகளில் ஒன்றுகூட உயர்வதற்கு இடமில்லாத சங்கங்கள் உண்டு.

கரங்களை மட்டும் கொடுத்து ஆயுதங்களைக் கொடாதிருப்பது வழிபாடு ஆகாது. அர்ப்பிதா சிங்கின் ஓவியம் பிடிக்காதவர்கள் அதைப் பார்க்காமல் விடலாம். ஆனால் அது எழுப்பும் கேள்விக்கு விடை கூறாமல் விடலாகாது. நவராத்திரியில் தேவிக்கு ஒன்பது நாள் விழா எடுக்கும் சங்கங்கள், அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாக சபையின் பொருளாளர், செயலாளர் பதவிகளுக்குப் பெண்களின் பெயர்களை முன்மொழியட்டும். அதுவே தேவிக்கு உகந்த அருச்சனையாகும்.